ஸ்டெப்னிக் குழி

டெய்ரி ஃபார்ம் இறக்கத்தில் மூன்றாவது வளைவைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை வரும். பெயர்ப் பலகை கிடையாது. காரில் பாட்டு வைக்க வேண்டும், ஒயரிங் பார்க்க வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் தம்பையா கொட்டகை என்று கை காட்டிவிடுவார்கள். எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த கொட்டகையைத் தம்பையா திறந்து அன்றைக்கு ஐந்தாவது நாள். கடல் தாண்டி ஹட் பே தீவில் ஒரு பக்கம் இழுத்துப் படுத்துவிட்ட அப்பனுக்குச் சோறூட்டி, மலமூத்திரம் அள்ளி, கடைசியில் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தான்.

மதியத்திலிருந்து மழை. இந்தத் தீவில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது விழுந்துவிடும். மழை நாளென்றால் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும். கொட்டகைக்குள் பூஞ்சை வாடையும் ஈர ரப்பர் வாடையும் கலந்து மூக்கை அடைத்தன. தம்பையா வழக்கம்போல மூலையில் கிடந்த டயர் மேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, துருவேறிய ஸ்க்ரூ டிரைவர்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு ஸ்டூல் வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. அந்த டயர் அவன் இடுப்புக்கு அளவெடுத்த மாதிரி அமைந்துவிட்டதால் வாங்கவில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. தலையை நிமிர்த்தாமலே வண்டி இன்னதென்று தெரிந்துவிட்டது. அந்த ஹாரனை மாட்டியவனே அவன்தான்.

"அரே பாய்! வாங்க, வாங்க. வண்டிய உள்ளயே விடுங்க. எங்க நம்ம இன்ஸ்பெக்டரம்மா? பின்னாடி படுத்து ஒளிஞ்சிருக்காளா?"

வெள்ளைக் கார் சொட்டச் சொட்ட உள்ளே வந்து நின்றது. ஜெய்னுதீன் இறங்கினார். பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். இஸ்திரி கலையாத சட்டையும் வாரிய தாடியுமாகத்தான் எப்போதும் இருப்பார். இன்றைக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போடப்பட்டிருந்தது. தாடி பாதிக்கு மேல் வெளுத்திருந்தது.

"வரல," என்றார்.

"ஸ்கூல் விடலையா இன்னும்?"

அவர் டிக்கியைக் காட்டினார். "அந்தப் பெட்டிய எடுத்துடுங்கண்ணே," என்றார்.

"ஏன் பாய்? நல்லா அடிக்கலையா?"

"நல்லாத்தான் அடிக்குது. அதான்."

அந்த ஸ்பீக்கர் பெட்டி தம்பையா கையால் செய்தவற்றிலேயே நேர்த்தியானது. ரெண்டு வருஷம் முன்னால் இதே வாசலில் நின்று ஜெய்னுதீன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நல்ல பேஸ் வேணும்ணே, அடி அதிரணும். ஆனா பொட்டி வெளிய தெரியக் கூடாது. தொழுகைக்குப் போற வண்டி. எவனாச்சும் பாத்தான்னா, பாத்திரக் கடை பாய்க்கு இந்த வயசுல டிஸ்கோ கேக்குதும்பான்."

"யாருக்கு பாய் பாட்டு?"

"மர்ஜானாவுக்கு."

தம்பையா சிரித்துவிட்டான். பின்சீட்டில் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்த ஏழு வயசுப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது என்பது பஜாருக்கே தெரியும். ஜெய்னுதீன் கோபித்துக்கொள்ளவில்லை. மெயின்லேண்டில் டாக்டரிடம் காட்டக் கப்பலில் கூட்டிப் போன கதையைச் சொன்னார். மூன்று நாளும் பிள்ளை பங்க் படுக்கையில் படுக்கவில்லை. இரும்புத் தரையில் கன்னத்தை வைத்துக் குப்புறக் கிடந்தது. கீழே இன்ஜின் அதிர அதிரத் தானாகச் சிரித்தது. "மெட்ராஸ் டாக்டரால முடியாததக் கப்பல் இன்ஜின் பண்ணிடுச்சுண்ணே. அந்தச் சிரிப்பு எனக்கு வேணும். வண்டியிலேயே வேணும்."

அதற்குப் பிறகு தம்பையா சிரிக்கவில்லை.

"சீட்டுக்கு அடியில சின்னதா ஒண்ணு வெச்சாப் போதாதா?" என்று அவர்தான் கேட்டார்.

"அது கொசு கத்துற மாதிரி இருக்கும் பாய். டிக்கித் தரைக்குக் கீழ ஸ்டெப்னி உக்கார்ற குழி இருக்குல்ல, அதுல வெச்சாத்தான் வண்டி முழுக்க நெஞ்சாட்டம் துடிக்கும். மேல மேட் விரிப்பப் போட்டு மூடிட்டா உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"அப்ப ஸ்டெப்னி?"

அந்தக் கேள்விக்குத் தம்பையாவிடம் ஒரு பதில் உண்டு. எல்லோருக்கும் அதையேதான் சொல்வான். "எங்க போயிடப் போறீங்க பாய்? சுத்திக் கடல். பஞ்சர் ஆனா எனக்கு ஒரு போன் போடுங்க. நானே தூக்கிட்டு வந்து மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் இங்கயே கெடக்கட்டும்."

பிளைவுட்டைக் குழிக்கு வட்டமாக அறுத்து, மூட்டுக்குச் சிலிக்கான் பூசி, உள்ளே தலையணைப் பஞ்சு திணித்து, ஸ்பீக்கரை இறக்கினான். மர்ஜானா வேலை முடியும்வரை நகரவில்லை. முதல் பாட்டு ஓடியதும் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறி, கண்ணை மூடி, உள்ளங்கையை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தது. பிறகு பின்கதவின் ஓரத்தில் ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு தட்டு. தம்பையா அந்த இடத்தைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. மாற்றி மூடினான். பிள்ளை மறுபடி கை வைத்துப் பார்த்துவிட்டு ரெண்டு தட்டுத் தட்டியது. ஒன்றென்றால் இங்கே லூசு. ரெண்டென்றால் சரி.

ஹட் பே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் சின்ன வயசிலிருந்து முள்ளுக் குலை தூக்கிய கை தம்பையாவுடையது. உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி காய்த்துப் போய், சூடுகூட நின்று நிதானித்துத்தான் ஏறும். அதனால் அந்தப் பிள்ளையின் கையைக் கண்டு அவனுக்குப் பொறாமையே வந்தது. "காது இருக்கிறவனுக்குச் சத்தம் மட்டும்தான் கேக்கும் பாய். இவளுக்கு இரும்பே பேசுது," என்றான். அன்றிலிருந்து வேறு வண்டிகளுக்கும் மர்ஜானாதான் இன்ஸ்பெக்டர். சனிக்கிழமைகளில் அப்பனோடு வந்துவிடும். ரெண்டு தட்டு விழாமல் எந்த வண்டியும் கொட்டகையை விட்டுப் போகாது.

அந்த வண்டியின் டிக்கியைத்தான் இப்போது திறந்தான். மேட் விரிப்பைச் சுருட்டி எறிந்தான்.

ஒயர்கள் வெட்டப்பட்டிருந்தன. ஃப்யூஸ் இருந்த இடம் காலி.

"யார் பாய் இப்படிக் கண்டபடி வெட்டினது?"

"நான்தான். கறி வெட்டுற கத்தியால."

"வெட்டிட்டீங்கன்னா அப்புறம் என்ன? எங்கேர்ந்து சத்தம் வரும்?"

ஜெய்னுதீன் போனை எடுத்து மணி பார்த்தார். நான்கு ஐந்து.

"அஞ்சு நிமிஷம் இருங்கண்ணே."

மழை கொஞ்சம் அடங்கியது. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீர் மட்டும் வாசல் குழியில் விழுந்துகொண்டிருந்தது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே தம்பையாவும் நின்றான். முழங்கால் ரெண்டும் பம்பரில் சாய்ந்திருந்தன.

முதலில் முழங்காலுக்குத்தான் தெரிந்தது.

தொம்.

தொம்.

தொம்.

பாட்டில் வரும் அடி அல்ல அது. மெத்தைக்கு அடியிலிருந்து யாரோ கை விரித்துத் தட்டுவதைப்போல் இருந்தது. மெதுவாக, சம இடைவெளியில், மூன்று.

தம்பையா காலை இழுத்துக்கொண்டான். பிறகு தன் பயத்துக்குத் தானே வெட்கப்பட்டான். "கெப்பாசிட்டர் பாய். ஆம்ப்ளிஃபயருக்குள்ள மிச்ச கரண்டு நிக்கும். அதான் உதைக்குது."

"எட்டு மாசமாவா?"

தம்பையா வேலையில் இறங்கினான். எட்டு ஸ்க்ரூ. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்பீக்கரை நெம்பித் தூக்கிச் சிமெண்டுத் தரையில் மல்லாத்தி வைத்தான். பெட்டிக்குள் டார்ச் அடித்தான்.

பஞ்சு அப்படியே வெள்ளையாக இருந்தது. ஆனால் அவன் திணித்த மாதிரி இல்லை. நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சின்னத் தலை ஒன்று வெகுநேரம் படுத்து இப்போதுதான் எழுந்த தலையணையைப்போல. அந்தப் பள்ளத்திலிருந்து, நெஞ்சுச் சளிக்குத் தடவும் யூகலிப்டஸ் தைலத்தின் வாடை எழுந்து வந்தது.

அவன் சிலிக்கான் பூசி மூடிய பெட்டி. நூல் நுழைய இடம் கிடையாது.

தொம். தொம். தொம்.

தரையில் கிடந்த ஸ்பீக்கர் அசையவில்லை. வண்டி அதிர்ந்தது.

"பாய்," என்று தம்பையா பெட்டியை விட்டு நிமிர்ந்தான். "பாப்பா எங்க பாய்?"

ஜெய்னுதீன் மழையைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னார். கடையில் நின்று பாத்திரம் விற்கும் அதே அடங்கிய குரல்.

"சௌல்தாரியில மச்சான் வீட்டுக்குப் போயிருந்தோம். நானும் அவளும் மட்டும். அவ அம்மா மெஹருக்குக் காய்ச்சல், வீட்டுல இருந்தா. மத்தியானம் சாப்பிட்டதும் பாப்பாவுக்கு இளைப்பு வந்துச்சு. எப்பவும் வர்றதுதான். வாயில பம்பு அடிச்சேன், தைலம் தடவினேன். கேக்கல. சரின்னு பின்னாடி படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டேன். நல்ல மழை. பாதி வழியில பின் டயரு போச்சு."

தம்பையா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"ரிம்லயே ஓட்டிப் பாத்தேண்ணே. ரெண்டு வளைவு போச்சு, அப்புறம் சேத்துல எறங்கிடுச்சு. ஞாயித்துக்கெழம. ஒரு வண்டி கிடையாது. போன் டவர் மேட்டுலதான் கிடைக்கும். தூக்கிட்டு ஓடலாம்னு பாத்தேன். ஈரம் பட்டா இளைப்பு கூடுமேன்னு வண்டியிலயே விட்டேன். புகை உள்ள வந்துடுமோன்னு இன்ஜினை நிறுத்திட்டு, அந்தப் பேஸை மட்டும் போட்டுட்டுப் போனேன். எங்களுக்குள்ள ஒரு பழக்கம். நான் கடைக்கு எறங்கினாலும் அதப் போட்டுட்டுத்தான் எறங்குவேன். துடிச்சுக்கிட்டு இருந்தா அத்தா பக்கத்துல இருக்காருன்னு அவளுக்கு அர்த்தம். திரும்பி வந்ததும் சீட்டுல மூணு தட்டுத் தட்டுவேன். அத்தா வந்துட்டேன்."

கை விரித்துக் காற்றில் மூன்று முறை தட்டிக் காட்டினார்.

"மேட்டுல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஆம்புலன்ஸ் வேற பக்கம் போயிருக்கு, நேரமாகும்னான். உங்களுக்குப் போட்டேன். நீங்கதானே சொல்லியிருந்தீங்க. போட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒரு பிக்கப் வந்துச்சு, கையக் கால புடிச்சு ஏறித் திரும்பி வந்தேன். பேட்டரி எறங்கிப் போயிருந்துச்சு. துடிப்பு நின்னிருந்துச்சு. அவ கைய சீட்டுல விரிச்சு வெச்சபடியே இருந்தாண்ணே. அப்ப மணி நாலு பத்து."

"என்னிக்கு பாய்?"

அவர் தேதி சொன்னார்.

தம்பையாவுக்கு அந்தத் தேதி மறக்காது. அப்பன் விழுந்துவிட்டான் என்று கேட்டு, கிடைத்த சட்டையைப் பைக்குள் அடைத்துக்கொண்டு ஹட் பே கப்பலில் ஏறிய நாள். கடலில் டவர் கிடையாது. ராத்திரி கப்பல் துறையில் இறங்கியதும் போனில் வரிசையாக மெசேஜ் வந்து விழுந்தது. தவறிய அழைப்பு, பாத்திரக் கடை பாய். தவறிய அழைப்பு, பாத்திரக் கடை பாய். பாட்டு நின்றுபோயிருக்கும், திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டான். அப்புறம் அப்பன். அப்புறம் அவனுக்கு நினைப்பே வரவில்லை.

பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தான். டிக்கிக்குள் வட்டக் குழி வெறுமனே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதன் அளவுக்கு ஒரு சாமான் தன் முதுகுக்குப் பின்னால் மூலையில் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பேய்க்குக்கூட அவன் இப்படிப் பயந்ததில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். அவர் கவனிக்கவில்லை. கார் போனதும் கடலில் உருட்டிவிடலாம். அந்த நினைப்பும் வந்தது. ஒரு மூச்சு இழுக்கும் நேரம் நின்று போனது.

மூலைக்குப் போய்ச் சாக்கை உருவினான். டயரின் பக்கவாட்டில் அவன் மஞ்சள் சாக்பீஸால் எழுதிய எழுத்து இருந்தது. 'பாத்திரக் கடை பாய்'. தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து பாதி அழிந்திருந்தது.

"இது உங்களுது பாய்."

ஜெய்னுதீன் கிட்டே வந்தார். குனிந்து அந்த எழுத்தைப் படித்தார். பிறகு குந்தி உட்கார்ந்து கட்டை விரலால் ரப்பரை அழுத்தினார்.

"காத்து இருக்கா?"

தம்பையா ஸ்பேனரால் தட்டினான். கெட்டியாகச் சத்தம் வந்தது.

"இருக்கு பாய்."

"ம்," என்றார் அவர். "நல்ல டயரு."

அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். தோட்டத்து மேஸ்திரிகளிடம் அவன் வாங்காத அறையா. அந்த மனுஷன் டயரின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. தம்பையாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. மெஹருன்னிசா நனைந்த முக்காட்டோடு உள்ளே வந்தாள். அகன்ற முகத்தில் எலும்பு துருத்தியிருந்தது. தரையில் கிடந்த ஸ்பீக்கரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"நாலு மணிக்கு நான் எங்க உக்காருவேன்னு தெரியாதா உங்களுக்கு? என் புள்ளையத் தூக்கிட்டு இங்க வந்து அறுத்துப் போட்டிருக்கீங்க."

"மெஹரு, நீ சோறு தண்ணி இல்லாம அதுக்குள்ளயே கெடக்குற. என்னால பாக்க முடியல."

அவள் பின்கதவைத் திறந்து ஏறினாள். சீட்டின் நடுவில் உள்ளங்கையை விரித்து வைத்தாள். தம்பையா அந்த இடத்தைப் பார்த்தான். துணி அங்கே மட்டும் நைந்து வழவழத்திருந்தது.

தொம். தொம். தொம்.

அவள் பதிலுக்கு மூன்று தட்டினாள்.

தொம். தொம். தொம்.

"எட்டு மாசமா நானும் திருப்பித் தட்டுறேன்ணே," தம்பையாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "நிக்க மாட்டேங்குது. பொழுது விழுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கா. ஏன் நிக்கும்? இந்த மூணு தட்டு நான் பழக்கினதா? அவ என்னையக் கேக்கல." புருஷன் பக்கம் திரும்பினாள். "ஒரு நாளாச்சும் இதுல கைய வெச்சீங்களா? ஒயர வெட்டுறீங்க, ஃப்யூஸப் புடுங்குறீங்க. கைய வெச்சீங்களா?"

"என்னன்னு வெப்பேன்?" ஜெய்னுதீன் முதல் தடவையாகக் கத்தினார். "வந்துட்டேன்னு சொல்லவா? எப்ப வந்தேன் நான்?"

"லேட்டா வந்தாலும் வந்தீங்கல்ல," என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது. "மழையில நனஞ்சு, கால் கிழிஞ்சு, வந்தீங்கல்ல. அதச் சொல்லுங்க. வேற என்னத்தக் கேக்குறா அவ?"

அவள் சீட்டில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

தொம். தொம். தொம்.

ஜெய்னுதீன் செருப்பைக் கழற்றினார். மசூதி வாசலில் கழற்றுவதுபோல் ஓரமாக ஒதுக்கி வைத்தார். வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து, பெண்டாட்டியின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். வெகுநேரம் சும்மா வைத்திருந்தார்.

தட்டினார்.

ஒன்று.

ரெண்டு.

மூன்று.

பதில் வரவில்லை.

மழைச் சொட்டுகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் தம்பையா சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர்கள் ரெண்டு பேர் கைக்கும் நடுவில், ஸ்பாஞ்சில் இன்னொரு பள்ளம் இருந்தது. ஐந்து விரல். மூன்றாவது கை ஒன்று இவ்வளவு நேரமும் அங்கே அழுந்தியிருந்ததை அவன் அப்போதுதான் கண்டான். பார்க்கப் பார்க்க, கையை எடுத்துவிட்டால் மெத்தை மெல்ல எழும்புமே, அப்படி அந்தப் பள்ளம் எழும்பி மட்டமானது.

மெஹருன்னிசா வாயில் முக்காட்டை அடைத்துக்கொண்டாள்.

தைல வாடை கலைந்து போனது.

தம்பையா ஸ்டெப்னியைத் தூக்கிக் குழியில் இறக்கினான். நட்டை முறுக்கினான். ஸ்பேனர் நின்ற பிறகும் இன்னொரு முறை முறுக்கினான்.

"அது ஏது டயரு?" என்று மெஹருன்னிசா கேட்டாள்.

தம்பையா வாயைத் திறப்பதற்குள் ஜெய்னுதீன் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல. அண்ணேகிட்ட கெடந்துச்சு. போட்டுக்கச் சொன்னாரு."

அவள் பெட்டியிலிருந்து பஞ்சை, அந்தத் தலைப் பள்ளம் கலையாமல், ரெண்டு கையாலும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி பின்வாங்கி வெளியேறியது. சிவப்பு விளக்கு வளைவில் மறையும்வரை தம்பையா மழையிலேயே நின்றான். அன்றைக்கு அவன் உட்காரவில்லை. உட்கார இடமும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நந்தகுமார் வந்தான். டாக்ஸி ஓட்டுகிறவன். புது வண்டி. வந்ததும் கும்பிடுபோட்டு, பாத்திரக் கடை பாய் வண்டியில் வைத்த மாதிரியே ஒரு பேஸ் பெட்டி வேண்டும் என்றான். வெளியில் தெரியக் கூடாது.

"சீட்டுக்கு அடியில வெச்சுத் தர்றேன்."

"அண்ணே, அது கொசு கத்துற மாதிரி இருக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க. ஸ்டெப்னிக் குழியில வைங்கண்ணே. எங்க போயிடப் போறோம்? சுத்திக் கடல்."

தன் பேச்சே அடுத்தவன் வாயிலிருந்து வந்தது. இருபது வருஷப் பழக்கம், கை தானாக வேலையைத் தொடங்கியது. டிக்கியைத் திறந்து மேட் விரிப்பை மடித்தான். நட்டில் ஸ்பேனரைப் போட்டு ஒரு சுற்றுத் தளர்த்தினான். ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்க்க இடது கையை அதன் மேல் ஊன்றினான்.

புது வண்டி. புது ரப்பர் வாடைதான் அடிக்க வேண்டும். தைல வாடை அடித்தது.

அவன் உள்ளங்கைக்குக் கீழே, காய்த்துப்போன அந்தத் தோலைத் துளைத்துக்கொண்டு, ஒரு தட்டு.

ஒரே ஒரு தட்டு. சின்ன விரல். இங்கே லூசு.

தம்பையாவின் கண் தானாக நிறைந்தது. போனில் மணி என்னவென்று அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. அத்தா வந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. வேலைக்கு வந்துவிட்டது.

தளர்த்திய நட்டை மறுபடி முறுக்கினான். ஸ்பேனர் கையை வெட்டும்வரை முறுக்கினான். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை டயரின் மேல் விரித்து வைத்து, ரெண்டு தட்டுக்காகக் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னண்ணே, மாட்டிட்டீங்களா மறுபடியும்? என்னாச்சு? முடிஞ்சுதா இல்லையா?"

"இரு நந்தா," என்றான் தம்பையா, கையை எடுக்காமல். "அவ இன்னும் சொல்லல."